இடது பக்கத்துக் குரல்

பூபதி மலைக்குக் குடிவந்தது 2007ஆம் வருடம் ஆனி மாதம். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. துணிப்பை ஒன்று, பழைய லேப்டாப் ஒன்று, தெர்மோகோல் வைத்துக் கட்டிய அட்டைப்பெட்டியில் நான்கு சர்க்யூட் போர்டுகள். இவ்வளவுதான் சாமான். செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப் பிடித்துக் குண்டனி நாட்டுக்கு வந்து சேர்ந்தார். சில ஊர்கள் சேர்ந்த பகுதியை அந்த மலையில் நாடு என்பார்கள். மிளகு மூட்டைகள் அடுக்கும் கிடங்குக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஓர் அறையை அவருக்காக ஒழித்து வைத்திருந்தார்கள்.

சொந்த ஊர் ஒன்றும் தூரமில்லை. அடிவாரத்தில் இருக்கிற பேளுக்குறிச்சிதான். அங்கே அண்ணன் தனசேகரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூபதி பெங்களூரில் ஆறு வருடம் கேபிள் டிவி பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் இருந்தவர். அந்தக் கம்பெனி கைமாறியபோது அவர் இருந்த பிரிவை மொத்தமாக மூடிவிட்டார்கள். நிச்சயம் வரை வந்திருந்த ஒரு சம்பந்தமும் அதோடு நின்றுபோனது. ஊருக்குத் திரும்பியபின் அண்ணன் வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். சாப்பாடு மட்டும் வேளாவேளைக்குக் கிடைக்கும். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நாமக்கல்லில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் மலைக் கிராமங்களுக்குப் பேசும் பெட்டி ஒன்று செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஊர்ச் சாவடியில் பெட்டியை மாட்டிவிடுவார்கள். பொத்தானை அழுத்தினால் மழை வருமா, மிளகுக்கொடியில் வாடல் நோய் எங்கே பரவுகிறது, மண் சரிந்து பஸ் நின்றிருக்கிறதா என்று அது குரலில் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பயன்படும். பூபதி அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். நாமக்கல்லில் உட்கார்ந்தே செய்யலாம் என்று நிறுவனத்தில் சொன்னார்கள். மேலே இருக்கிற ஈரத்திலும் சோலார் மின்சாரத்திலும் வைத்துச் சோதித்தால்தான் சரியாக வரும் என்று சொல்லி அவர்தான் மலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது பாதி உண்மை.

மலையில் அவருக்குப் பழக்கமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் வேல்முருகன். அந்த நாட்டுக்காரர், நிறுவனத்தின் களப்பணியாளர். ஊர் ஊராகப் போய்ச் செய்தி சேகரித்து, அதைப் பேசிப் பதிவு செய்து கொடுப்பது அவர் வேலை. இன்னொருவர் அத்தாயி. நாற்பத்தைந்து வயதிருக்கும். குச்சிக்கிழங்கும் சாமையும் போடுகிற சொந்தக் காடு உண்டு. காலையில் கிடங்கையும் பூபதியின் அறையையும் கூட்டிவிட்டு, மதியத்துக்குச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார்.

முதல் இரண்டு மாதம் நன்றாகவே போனது. சனி ஞாயிறு கீழே இறங்கி, ராசிபுரத்தில் பிரவுசிங் சென்டரில் மெயில் பார்த்துவிட்டு, அண்ணன் வீட்டில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்புவார். ஆவணியில் ஒரு முறை அப்படித் திரும்பும்போது கடுமையான சளி. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது எல்லோருக்கும் காது அடைக்கும், எச்சிலை விழுங்கினால் விட்டுவிடும். அன்று அவருக்கு வலது காது விட்டது, இடது காது விடவில்லை. இரண்டு நாள் உள்ளே சில்வண்டு கத்துவதுபோல ஓர் ஓசை இருந்தது. தலை லேசாகச் சுற்றியது. பிறகு சுற்றல் நின்றது. அடைப்பு மட்டும் இருந்தது. சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

புரட்டாசியில் ஒலி வேலையைத் தொடங்கினார்.

போர்டில் லினக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பேச வைப்பதுதான் பாக்கி. அதற்கென்று போர்டின் ஓரத்தில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சிப் இருந்தது. கோடெக் என்று அதற்குப் பெயர். நினைவகத்தில் எண்களாகக் கிடக்கிற குரலை வாங்கி மின்னலையாக மாற்றி வெளியே அனுப்புவது அதன் வேலை. ஆனால் தானாக ஒன்றும் செய்யாது. எந்த வேகத்தில் எண்களை எடுக்க வேண்டும், எந்த வாசலைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அதற்குள் இருக்கிற சிறுசிறு பதிவேடுகளில் எழுதிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிற நிரல்தான் டிரைவர். வேறொரு போர்டுக்கு யாரோ எழுதிய டிரைவரை எடுத்து, இந்தப் போர்டுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டிருந்தார் பூபதி.

முதல் நான்கு நாள் சிப் கூப்பிட்ட குரலுக்குப் பதிலே சொல்லவில்லை. ஐந்தாம் நாள், அதன் கம்பிக்கால்களில் ஒன்றை வேறு இடத்தில் இணைத்திருப்பதால் முகவரி ஓர் எண் தள்ளியிருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்தினார். பதில் வந்தது. திரையில் ஒலி அட்டை என்று ஒரு வரி தோன்றியது. அவர் எழுந்து நின்று கையைத் தட்டினார். தட்டிய சத்தம் தகரத்தில் பட்டுத் திரும்பியது. யாரிடமாவது சொல்லலாம் என்று கதவைத் திறந்து பார்த்தார். வெளியே மூடுபனி. எதிரே இருக்கிற சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை.

சோதனைக்காகத் தன் குரலையே பதிவு செய்து போர்டுக்குள் வைத்திருந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. பேளுக்குறிச்சி பூபதி பேசறேன். கேக்குதுங்களா?" அவ்வளவுதான். ஸ்பீக்கர்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேரவில்லை. அதனால் போர்டில் ஹெட்போனைச் செருகிக் காதில் மாட்டிக்கொண்டு, ஓடவிட்டார்.

ஒன்றும் கேட்கவில்லை.

பிழை என்று எதுவும் திரையில் வரவில்லை. ஏழு விநாடிக் குரல், ஏழு விநாடி ஓடி, ஒழுங்காக முடிந்தது. ஆனால் மௌனம். ஹெட்போன்தான் போய்விட்டதோ என்று அதைப் பாக்கெட் ரேடியோவில் செருகிப் பார்த்தார். திருச்சி வானொலியில் யாரோ உரம் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. வலது பக்கம்தான் கேட்டது. இடது காதுதான் அடைத்திருக்கிறதே. ஹெட்போன் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்து திரும்பவும் போர்டில் செருகினார்.

அங்கே தொடங்கியது ஏழு வாரம்.

சிப்பின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றினார். வாசல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். ஒரு வரியை மாற்றி, டிரைவர் அடங்கிய கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, திரும்பக் கட்ட அந்த லேப்டாப்புக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. ஈரத்தில் போர்டின்மேல் பூசணம் படிந்துவிடும் என்று அடுப்பு ஓரத்தில் வைத்து உலர்த்தினார். ராசிபுரத்துக்குப் போய், இந்த வேலை செய்கிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் எழுதுகிற மெயில் குழுவில் கேள்வி போட்டார். ஒன்பது நாள் கழித்து ஒரே ஒரு பதில் வந்திருந்தது. குரல் வாசல் மூடியிருக்கும், திறந்து பார் என்று. அதை அவர் முதல் நாளே பார்த்திருந்தார்.

நிறுவனத்திலிருந்து போனில் கேட்டார்கள். "இன்னும் பேசலீங்களா, பூபதி?"

"இல்லீங்க. இந்த வாரம் பேசிரும்."

அடுத்த வாரமும் அதையேதான் சொன்னார்.

ஊரில் யாரும் அவரோடு பேசுவதில்லை என்பதை அந்த நாட்களில்தான் அவர் கவனித்தார். முன்பெல்லாம் பாதையில் போகிறவர்கள் "என்னங்க, சாப்பாடாச்சுங்களா?" என்று கேட்பார்கள். இப்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். புரட்டாசிக் கடைசியில் ஊர்க் கோயிலில் நோம்பி நடந்தது. கிடங்கு மேட்டிலிருந்து பார்த்தால் பந்தலும் கூட்டமும் தெரிந்தது. தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று நினைத்து, வாசற்படியில் உட்கார்ந்து தட்டில் இருந்த சோற்றைச் சாப்பிட்டார். வேலை ஒன்றும் முடிக்காமல் உட்கார்ந்திருக்கிறவனை எதற்குக் கூப்பிடுவார்கள் என்றும் தோன்றியது. சனி ஞாயிறு கீழே போவதையும் நிறுத்திவிட்டார். அண்ணன் போன் செய்தால் இரண்டு வார்த்தையில் முடித்தார். சில நாள் காலையிலிருந்து மாலை வரை வாயைத் திறந்ததே இல்லை என்பது, படுக்கும்போது தொண்டை ஒட்டிக்கொண்டிருப்பதில்தான் தெரியும்.

கார்த்திகை மாதம் ஒரு நாள் காலை. தூறல் விட்டிருந்தது. குரல் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து, ஒலியளவையெல்லாம் உச்சத்தில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல எதுவும் கேட்காததால் பூபதி ஹெட்போனைக் கழற்றி மேசையில் கவிழ்த்துப் போட்டார். ஓட்டத்தை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். திரும்பி வந்தபோது அத்தாயி அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். பூபதி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று முகத்தைத் துடைத்தார்.

தோளில் ஒரு தட்டு விழுந்தது. திடுக்கிட்டுத் திரும்பினார். அத்தாயி துடைப்பத்தோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"நாலு தடவ கூப்பிட்டேனுங்க," என்றார். "எடுத்து வைக்கலாம்னு பாத்தா இதுக்குள்ள யாரோ பேசறாங்க. அணைக்கோணுங்களா, அப்படியே உடட்டுங்களா?"

"எதுக்குள்ள?"

அத்தாயி மேசையில் கிடந்த ஹெட்போனைக் காட்டினார்.

"அதுல ஒண்ணும் கேக்காதுங்க," என்றார் பூபதி. "அதைத்தான் ஏழு வாரமா பாத்துட்டு இருக்கேன்."

"கேக்குதுங்களே." அத்தாயி துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். உடனே முகத்தைச் சுளித்து ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். "யப்பா, காதே போயிரும்போல இருக்கு! நீங்கதானுங்க பேசறீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. பேளுக்குறிச்சி பூபதின்னு சொல்றீங்க."

"ரெண்டு பக்கமும் கேக்குதுங்களா?"

அத்தாயி கொஞ்சம் கவனித்தார். "இல்லீங்க. இந்தப் பக்கந்தான்." இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

பூபதி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். ஒன்றுமில்லை. கழற்றினார். பக்கம் மாற்றி, இடது பக்கத்தை வலது காதில் வைத்தார். அவருடைய குரலே அவரை அறைந்தது. கேக்குதுங்களா, கேக்குதுங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். ரேடியோவை எடுத்து, ஹெட்போனைச் செருகி, வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு இடது காதில் மட்டும் வைத்துப் பார்த்தார். ஒலியை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். அத்தாயி நின்ற இடத்திலிருந்தே ரேடியோவில் யார் பேசுகிறார்கள் என்று கேட்க முடிந்தது. பூபதியின் அந்தக் காதுக்குள் அது போகவில்லை. அடைப்பு என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தது அடைப்பு அல்ல.

"என்னாச்சுங்க?" என்றார் அத்தாயி.

"எனக்கு இந்தக் காது கேக்கலீங்க."

"எப்ப இருந்துங்க?"

"ஆவணில இருந்து இருக்கும். அடைச்சிருக்குதுன்னு நெனச்சேன்."

அத்தாயி அவருக்கு வலப்பக்கமாக வந்து நின்றுகொண்டார். "அட சாமி," என்றார். "நாங்க வேற மாதிரி நெனச்சுப்புட்டோமுங்க. வழியில கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க. கீழ இருந்து வந்தவரு, படிச்சவரு, நம்மகூட என்ன பேச்சுன்னு இருக்காராட்டம்னு ஊருக்குள்ள சொல்லிட்டாங்க. நோம்பிக்கு வேல்முருகன் வந்து கூப்பிட்டானுங்க. ஜன்னலுக்கு வெளிய நின்னு ரெண்டு தடவ கூப்பிட்டிருக்கான். நீங்க பொட்டியவே பாத்துட்டு இருந்தீங்களாம். மூஞ்சில அடிச்சாப்பல இருந்துச்சுன்னு வந்து சொன்னான்."

மேசைக்கு இடப்பக்கம்தான் ஜன்னல்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றார் பூபதி. "நீங்கெல்லாம் என்னைக் கூப்பிடலைன்னு நெனச்சேன்."

டிரைவரில் இருந்த பிழை அரை மணி நேரத்தில் பிடிபட்டது. வலது பக்கத்து வாசலைத் திறக்கிற ஒரு வரியில் பதிவேட்டின் எண் ஒன்று கூடிப்போயிருந்தது. அவர் எழுதியதுதான். ஒலி வலப்பக்கம் போகாமல் இடப்பக்கம் மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவருடைய காது அதற்கு நேர்மாறாக இருந்தது. எண்ணைத் திருத்தி, கெர்னலைக் கட்டி, ஓடவிட்டார். வலது காதில் கேட்டது. இடது பக்கம் கேட்கிறதா என்று பார்க்க, காட்டுக்குப் போய்விட்ட அத்தாயி மறுநாள் வரும் வரை காத்திருந்தார்.

அந்த வாரமே நாமக்கல்லுக்குப் போய்க் காது மருத்துவரைப் பார்த்தார். அந்த அம்மா ஓர் இசைக்கவையைத் தட்டி அவர் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது பக்கம்."

"நடுவுல இல்லையா?"

"இல்லீங்க."

அறைக்குள் உட்கார வைத்துக் கருவியிலும் சோதித்தார்கள். தாளில் வலது காதின் கோடு மேலே இருந்தது. இடது காதின் கோடு அடியில் கிடந்தது. ஒலியளவைக் கோடாகப் படிப்பது பூபதிக்குப் புதிதில்லை. மருத்துவர் சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நரம்புல வந்த பிரச்சினை," என்றார் மருத்துவர். "ஆரம்பிச்ச ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். மூணு மாசம் ஆச்சே. வீட்டுல யாருமே கவனிக்கலையா? டிவிய சத்தமா வைக்கறீங்க, கூப்பிட்டா திரும்பலைன்னு யாராவது சொல்லியிருப்பாங்களே?"

"தனியாத்தான் இருக்கேனுங்க."

வலது காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மருத்துவர் அனுப்பினார். வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்றபோது நான்கு பக்கமும் ஹாரன் ஒலித்தது. எந்த பஸ் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது என்பது அவர் படித்ததுதான். பேளுக்குறிச்சி பஸ் எதிரிலேயே நின்றது. அண்ணனிடம் சொல்லலாமா என்று பார்த்தார். சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு விஷயமும் யாரும் பேசாத விஷயமாகிவிடும். மலை பஸ்ஸில் ஏறினார்.

தை மாதம் குண்டனி நாட்டுச் சாவடியில் முதல் பெட்டியை மாட்டினார்கள். ஸ்பீக்கர் வழியாக வேல்முருகனின் குரல், மண் சரிவால் மதிய பஸ் வராது என்று சொன்னது. கூடியிருந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பொத்தானை அழுத்தி, அதையே பத்துத் தடவை கேட்டார்கள். பஸ் வராத செய்திக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஊரை வேல்முருகன் பார்த்ததில்லையாம்.

காது விஷயம் ஊருக்குத் தெரிந்தபின் எல்லோரும் பூபதியிடம் பேச ஆரம்பித்தார்கள். ஆனால் உரக்கப் பேசினார்கள். உரக்கப் பேசுகிறபோது நீளமாகப் பேச முடியாது. "சாப்ட்டீங்களா!", "மழை வருது!" என்று இரண்டு வார்த்தையைக் காதருகே கத்திவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். வலது காது நன்றாகக் கேட்கும், மெதுவாகவே பேசலாம் என்று அவர் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தார். "செரிங்க!" என்று அதையும் கத்திவிட்டுத்தான் போவார்கள். அடுத்த வருடம் நோம்பிக்குப் போனார். பந்தலில் மேளமும் பேச்சும் பாத்திரச் சத்தமும் ஒன்றாகக் கலந்து ஒரே இரைச்சலாகக் காதில் இறங்கியது. பக்கத்தில் இருந்தவர் சொன்னது ஒன்றும் பிரிந்து கேட்கவில்லை. மற்றவர்கள் சிரித்தபோது சிரித்தார். அத்தாயி தூரத்திலிருந்து அதைக் கவனித்துவிட்டு வந்து, பந்தலுக்கு வெளியே பலாமரத்தடியில் அவரை உட்கார வைத்து இலை போட்டார். "இங்க செத்த நேரம் இருங்க சாமி, பந்தியில பரிமாற ஆளில்ல" என்று ஓடினார். பூபதி கூட்டத்தைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டார். வருத்தம் என்று சொல்ல முடியாது. கூப்பிட்டதால் வந்திருந்தார், அது பழைய தனிமை இல்லை. ஆனாலும் தனிமைதான்.

ஒன்பது பெட்டிகள் செய்தார். கடைசிப் பெட்டியைப் பைல் நாட்டில் மாட்டியது 2009 மாசியில். அதோடு அவருக்கு மலையில் வேலை முடிந்தது. தர்மபுரிப் பக்கம் இதே மாதிரி ஒரு வேலைக்கு நிறுவனம் அவரை அனுப்பியது. கிளம்புகிற அன்று அத்தாயி காட்டிலிருந்து வந்து ஒரு பை மிளகும், இலையில் கட்டிய சோறும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவர் வலப்பக்கம் நின்று, மெதுவாகத்தான் பேசினார்: "உடம்பப் பாத்துக்கோங்க. சளி புடிச்சா சும்மா உட்றாதீங்க."

செம்மேடு வரை வேல்முருகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். வழி முழுவதும் காற்று. முன்னால் உட்கார்ந்திருந்த வேல்முருகனின் தலை அவ்வப்போது பாதி திரும்புவதும், தோள் குலுங்குவதும் தெரிந்தது. பூபதிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. முன்பென்றால் "ம்" கொட்டியிருப்பார். செம்மேட்டில் இறங்கியதும் கேட்டார்.

"வழியெல்லாம் என்னமோ சொல்லீட்டே வந்தீங்களே வேல்முருகன், எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. என்னங்க சொன்னீங்க?"

வேல்முருகன் கூச்சத்தோடு சிரித்தார். "பெருசா ஒண்ணுமில்லீங்க. ஊட்டு வெவகாரம். பஸ் எடுக்கறான் பாருங்க, ஏறுங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பூபதி பஸ்ஸைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"அது போகட்டுங்க. அடுத்ததுல போய்க்கறேன். நீங்க சொல்லுங்க."

பஸ் நகர்ந்து வளைவில் மறைந்தது. இருவரும் டீக்கடை ஓரமாக, சத்தம் குறைந்த இடமாகப் பார்த்து நின்றார்கள். பூபதி வலப்பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். வேல்முருகன் சொல்ல ஆரம்பித்தார். பெண்ணை நர்சிங் படிக்க வைக்கலாமா, அவ்வளவு தூரம் தனியாக அனுப்பலாமா என்று வீட்டில் ஒரு மாதமாக நடக்கிற சண்டை அது. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. அவர் ஒன்றும் விடாமல் சொன்னார்.